கூடாரத் திட்டை நீங்களே குறித்துக் கொடுங்கள்: தீவுக் கரை முகாம்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெப்பமண்டலத் தீவுகளின் கரையில் கூடார முகாம் நடத்துவோருக்கும், அந்த முகாம்களுக்கு அனுமதி எழுதும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விதித் தாள்களில் ‘கூடாது’க்குப் பஞ்சமில்லை. தீ மூட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பவளம் பொறுக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது. எல்லாம் சரி. கூடாரத்தை எந்த இடத்தில் அடிப்பது என்பதை மட்டும் வருகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறீர்கள். வருகிறவர் மாலை நான்கு மணிக்குப் படகிலிருந்து இறங்குகிறார். அன்றைக்கு அந்நேரம் கடல் வற்றியிருக்கிறது. கண்ணெதிரே அகலமான, தட்டையான, வெள்ளை மணல். கதவைக் கடல் பக்கம் வைத்து அங்கேயே முளை அடித்துவிடுகிறார். ஆறு மணி நேரம் கழித்து, இரவு பத்து மணி சுமாருக்கு, ஏற்றம் உச்சத்துக்கு வரும்போது பாயின் அடியில் தண்ணீர். இருட்டில் நனைந்த கூடாரத்தை இழுத்துக்கொண்டு மேலே ஓடுகிறவர், அவசரத்தில் அடுத்து அடிப்பது தென்னை மரத்தடியில்.

இது அவர் அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். அவர் அந்தக் கரைக்கு வந்து சில மணி நேரம்தான் ஆகிறது; நீங்கள் ஆண்டு முழுவதும் அங்கே இருக்கிறீர்கள். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: முகாம் தொடங்கும் முன்பே கூடாரம் போடும் திட்டுகளை நீங்கள் அளந்து, எண் போட்டு, கயிறு கட்டும் பிடிகளை மண்ணுக்குள் நிலையாகப் புதைத்து வையுங்கள். குறிக்காத இடத்தில் ஒரு முளைகூட இறங்கக் கூடாது. தண்ணீர், கழிப்பிடம், விளக்கு, ஆமை, புயல் எல்லாமே இந்த ஒரு முடிவைத் தொட்டுத்தான் நிற்கின்றன. அதனால் எப்படிக் குறிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கரையில் நடந்தால் பெரும்பாலும் கடல் ஒதுக்கிய குப்பை இரண்டு வரிசையாகக் கிடக்கும். கீழ் வரிசை ஈரமான பாசி. அது நேற்றைய அல்லது இன்றைய ஏற்றம் விட்டுப்போனது. மேல் வரிசையில் வெளுத்த கட்டை, உலர்ந்த விதைகள், தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் மூடிகள் கிடக்கும். அது கடல் மிக அதிகமாக ஏறிய நாளின் கோடு. கணக்கில் கொள்ள வேண்டியது மேல் வரிசையைத்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஏற்றம் மிகுதியாக இருக்கும். பல கடல்களில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இன்னும் கூடும். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஏற்றம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். “நேற்று இங்கே தண்ணீர் வரவில்லையே” என்ற பேச்சுக்கு அதனால்தான் மதிப்பில்லை. இதற்கு மேல், எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை இரண்டு மூன்று நாள் கழித்து, காற்றே இல்லாத தெளிந்த இரவில் வந்து சேரும். ஏற்ற அட்டவணையில் அது இருக்காது.

செடிகள் இன்னும் நம்பகமான சாட்சி. அடப்பங்கொடி மணலில் கடலை நோக்கி ஓடும். அதன் முன்னோடிக் கொடிகள் சில மாத வளர்ச்சிதான், அவற்றை நம்பி எல்லை வகுக்க முடியாது. அதற்குப் பின்னால் தண்டு முற்றிய புதர் எங்கே தொடங்குகிறதோ, அங்கே கடல் ஆண்டுக் கணக்கில் வரவில்லை என்று கொள்ளலாம். கூடாரத் திட்டு அந்தப் புதர் வரிசைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். புதரை வெட்டிக் காட்சியைத் திறந்துவிடும் ஆசை எல்லா முகாம்காரருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். காற்றை உடைப்பதும் மணலைப் பிடித்து வைப்பதும் அந்தப் புதர்தான். வெட்டிய இரண்டாம் மழைக்காலத்தில் திட்டே கரையத் தொடங்கும்.

உயரம் அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: 20 மீட்டர் ஒளிபுகும் குழாய், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆள். ஒரு முனை மேல் குப்பை வரிசையில், மறுமுனை திட்டின் மீது. திட்டின் தரை ஒரு மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். பவளத் தீவுகள் பலவற்றில் தீவின் மொத்த உயரமே இரண்டு மீட்டர் அளவில்தான் இருக்கும். அங்கே ஒரு மீட்டர் கிடைக்காவிட்டால் அலை மிகுந்த மாதங்களில் முகாமையே மூடி வையுங்கள். பௌர்ணமி ஏற்றத்தின்போது திட்டில் 60 செ.மீ. ஆழக் குழி ஒன்று தோண்டி அரை மணி நேரம் காத்திருங்கள். அடியில் தண்ணீர் ஊறினால் அந்த இடம் வேண்டாம். பெருமழை நாளில் அங்கே நிலத்தடி நீர் மேலெழுந்து பாய்க்கு அடியிலேயே தேங்கும், எந்த வடிகால் வெட்டினாலும் போகாது.

அதற்காக ரொம்பவும் உள்ளே போய்விடவும் கூடாது. மணல் மேட்டுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் காற்று வராது. அலையாத்தி மரங்களுக்கு அருகே மணல் ஈக்கள் பிடுங்கும். மணல் ஈ பறப்பதில் சோனி. மணிக்கு 10 கி.மீ. காற்று வீசினாலே அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, கடல் எட்டாத தொலைவும் காற்று எட்டும் தொலைவும் ஒத்துப்போகும் ஒரு பட்டைதான் மிஞ்சும். பல தீவுகளில் அது பத்துப் பதினைந்து மீட்டர் அகலம்கூட இருக்காது. எத்தனை கூடாரத்துக்கு அனுமதி என்று அலுவலர்கள் எழுதும் எண் அந்தப் பட்டையின் நீளத்திலிருந்து வர வேண்டும். இப்போது பல இடங்களில் அது படகில் எத்தனை இருக்கை என்பதிலிருந்து வருகிறது.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விளம்பரப் படங்களில் எல்லாம் கூடாரம் தென்னைக்குக் கீழேதான் இருக்கிறது. மட்டையோடு கூடிய முற்றிய தேங்காய் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 70 கி.மீ. அளவுக்கு இருக்கும். காற்றே இல்லாத இரவிலும் விழும். காய்ந்த ஓலை நான்கைந்து மீட்டர் நீளம். காற்றில் விலகி வந்து விழும். தூரத்தை அடிமரத்திலிருந்து அளப்பதுதான் வழக்கமான பிழை. கரையோரத் தென்னை கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். உச்சி ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். உச்சிக்கு நேர்கீழே தரையில் ஒரு கல் வைத்து, அங்கிருந்து ஓலையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளுங்கள். காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இறக்கிவிட்டால் நிழலையும் இழக்க வேண்டாம். கரீபியத் தீவுகளில் இருப்போர் மான்சினீல் மரத்துக்கு வண்ணக் கோடு போட்டு வையுங்கள். மழையில் அதன் இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும்.

அடுத்தது, பிடி. நாங்கள் பார்த்த வரையில் முகாம்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

கூடாரத்தோடு பெட்டியில் வரும் 15–18 செ.மீ. கம்பி முளை களிமண் தரைக்கானது. உலர்ந்த மணலில் அதை இரண்டு விரலால் உருவி எடுக்கலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். மணிக்கு 54 கி.மீ. காற்று, எதிரே நேராக நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 14 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளும். நான்கு பேர் கூடாரத்தின் ஒரு பக்கம் மூன்று சதுர மீட்டர் என்றால் 40 கிலோவுக்கு மேல். அதே காற்று மணிக்கு 108 கி.மீ. ஆனால் 160 கிலோ. மழை மேகத்துக்கு முன்னால் வரும் திடீர்க் காற்று திசையையும் மாற்றி அடிக்கும். பகலில் கடலிலிருந்து வீசுகிறது என்று அந்தப் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டியவரின் கூடாரம் இரவில் முதுகுப் பக்கமாகப் பிய்ந்து போவது அதனால்தான்.

மணலில் பிடிமானம் வேண்டுமென்றால் எதையாவது குறுக்காகப் புதைக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனில் 40–50 செ.மீ. கட்டை ஒன்று, அல்லது மணல் நிரப்பிய துணிப்பை. நடுவில் கயிற்றைக் கட்டி, கயிறு போகும் திசைக்குச் செங்குத்தாக, 50 செ.மீ. ஆழத்தில் கிடத்த வேண்டும். செய்யும் விதத்தில்தான் சூட்சுமம். அகலமான குழியாகத் தோண்டிவிட்டுத் திருப்பி மூடினால் கட்டையின் முன்னால் இருப்பது தளர்ந்த மணல். முதல் இழுப்பிலேயே உழுதுகொண்டு வெளியே வரும். கட்டை நுழையும் அளவுக்குக் குறுகலான வாய்க்காலாகத் தோண்டுங்கள். கூடாரத்தின் பக்கமிருக்கும் மணல் சுவரைத் தொடாதீர்கள். அதில் கயிறு சாய்வாக மேலேறிப் போக ஒரு விரல் அகலப் பிளவு மட்டும் கீறுங்கள். தாங்கப் போவது அந்தத் தொடாத சுவர். பிறகு ஒரு கை மணல், ஒரு குவளை கடல்நீர், ஒரு மிதி என்று அடுக்கடுக்காக நிரப்புங்கள். ஈரமணல் மணிகளுக்கிடையே நீர் ஒட்டிப் பிடிக்கும். உலர்ந்தால் அந்த ஒட்டு போய்விடும். அதனால் நண்பகலில் மேல்மணல் காய்ந்த பிறகு ஒருமுறை நனைத்து இறுக்க வேண்டும். கயிறு தரையோடு 45 பாகைக்கு மேல் நிமிர்ந்து நின்றால் பிடியை மேல்நோக்கிப் பிடுங்கும். கயிற்றை நீட்டிச் சாய்வைக் குறையுங்கள். நைலான் கயிறு ஈரத்தில் நெகிழும், பாலியஸ்டர் அவ்வளவாக நெகிழாது. முகாமுக்குப் பாலியஸ்டரே வாங்குங்கள்.

மணல் மூட்டையைத் தரைமேல் வைத்துக் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். 20 கிலோ மூட்டை மணலின் மேல் பாதி எடைக்குக்கூட எதிர்ப்புக் காட்டாமல் நகர்ந்துவிடும். அரை மீட்டர் ஆழத்தில் ஒழுங்காகப் புதைத்த 8 கிலோ மூட்டை அதைவிட நன்றாக நிற்கும்.

இங்கேதான் எங்கள் கோரிக்கையின் முடிச்சு இருக்கிறது. விருந்தினர் ஒவ்வொருவரும் கரையில் எட்டு இடத்தில் அரை மீட்டர் ஆழம் தோண்டத் தொடங்கினால், அது ஆமைகள் முட்டையிடும் அதே ஆழம். பச்சையாமை ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இடும்; கடலாமைகளின் முட்டைகளில் மேலிருப்பவை 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில் கிடக்கும். காற்றும் மழையும் ஒரு வாரத்தில் தடத்தை அழித்துவிடும். முட்டையோ மணலின் சூட்டைப் பொறுத்து 45 முதல் 70 நாள் வரை உள்ளே இருக்கும். நல்ல பிடி போடத் தெரிந்தவர்தான் இந்த விஷயத்தில் அதிகக் கெடுதல் செய்வார். கம்பி முளை அடித்தவர் கூடாரத்தை இழப்பார். கட்டை புதைத்தவர் ஒரு முட்டைக் குழியையே குத்திவிடுவார்.

ஆகவே பிடிகளை நீங்கள் ஒரே ஒரு தடவை போட்டுவிடுங்கள்: முட்டையிடும் பருவம் முடிந்து, குஞ்சுகளும் வெளியேறிய பிறகு, புதர் வரிசைக்குப் பின்னால், ஆமைக் கண்காணிப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. திட்டுக்கு எட்டுப் பிடி: மூலைக்கு ஒன்றாக நான்கு, பக்கக் கயிறுகளுக்கு நான்கு. ஒவ்வொன்றிலும் 60–70 செ.மீ. ஆழத்தில் குறுக்குக் கட்டை அல்லது சிமெண்டுக் கல். அதைச் சுற்றிய பாலியஸ்டர் நாடா 10 செ.மீ. மட்டும் வெளியே வளையமாகத் தெரிய வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் தரைமட்டத்தில்தான் முதலில் அரித்து ஒடியும். மிச்சம் மணலுக்கு ஒரு விரல் கீழே கூராக நிற்கும், வெறுங்காலுக்குக் காத்திருக்கும். உலோகம்தான் வேண்டுமென்றால் கடல்நீருக்கான 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. வெளியே தெரியும் நாடாவை வெயில் தின்னும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிடியையும் கயிறு கட்டி, இழுவைத் தராசு கோத்து, கயிறு போகும் அதே சாய்வில் 80 கிலோ வரை இழுத்துப் பாருங்கள். அசைந்த பிடிக்கு அன்றைக்கே வேலை.

கூடாரம் வாங்குவதிலும் ஒரு வார்த்தை. பெரும்பாலான முகாம்கள் குளிர்நாட்டு மலையேறிகளுக்கான கூடாரத்தை வாங்கி, உள்ளே விருந்தினரை வேக வைக்கின்றன. இந்த வெப்பத்துக்கு உள்கூடு முழுவதும் வலையாக இருக்க வேண்டும். மழைத்துணி தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து நிற்க வேண்டும். இரண்டு கதவுகள் எதிரெதிரே இருக்க வேண்டும். வலையின் கண்ணைப் பாருங்கள். கொசுவுக்கான சாதாரண வலையின் துளை ஒரு மில்லிமீட்டருக்கு மேல். மணல் ஈ அதில் தாராளமாக நுழையும். 0.6 மி.மீ. அல்லது அதற்கும் நெருக்கமான வலை கேளுங்கள். நெருங்க நெருங்கக் காற்றுக் குறையும், அதனால்தான் திட்டைக் காற்றுள்ள பட்டையில் வைக்கச் சொன்னோம். தரைக்குக் கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட நான்கு பக்கமும் ஐந்து செ.மீ. சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி அடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பருவம் முழுக்கக் கூடாரத்தை அடித்தே வைத்திருப்பவர்களுக்கு: நைலானை வெயில் சீக்கிரம் இற்றுப்போகச் செய்யும், பாலியஸ்டர் அதைவிடத் தாங்கும். உச்சி மடிப்பில் துணியை இரு கட்டைவிரலுக்கிடையே பிடித்து விரித்து இழுத்துப் பாருங்கள். ‘சரக்’கென்று நூல் விட்டால் அது கூடாரமாக இனி உதவாது, இரவில் காற்று அந்த இடத்தில்தான் கிழிக்கும். மேலே 30 செ.மீ. இடைவெளி விட்டு ஒரு நிழல் துணி கட்டினால் ஆயுளும் கூடும், உள்ளே சூடும் தணியும். ஜிப் கெடுவது மணலால். மணல் நுழைந்தால் ஜிப்பின் இழுப்பான் தேய்ந்து, பல் சேராமல் விரியும்; அப்புறம் எவ்வளவு நெருக்கமான வலையும் வீண். நாளுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் உலர்வாகத் தேய்த்து, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலுமினியக் கழிகளின் இணைப்பைத் துடைக்காமல் செருகினால் உப்பும் மணலும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முறுக்கிப் பிரிக்கும்போது வாய் பிளந்துவிடும். ஈரத்தோடு மடித்து வைத்த கூடாரத்தின் உள்பூச்சு சில மாதத்தில் பிசுபிசுத்து நாற ஆரம்பிக்கும். அதற்கு மருந்து இல்லை.

தண்ணீர்க் கணக்கைப் படகின் நல்ல நாளை வைத்துப் போடாதீர்கள். குடிக்க ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர். சமைக்க, கழுவ, உப்பு அலச இன்னொரு 3 லிட்டர். பத்துப் பேர், மூன்று நாள் என்றால் 240 லிட்டர். கடல் கொந்தளித்துப் படகு வராத இரண்டு நாளைச் சேர்த்தால் 400. அந்த இரண்டு நாள் தண்ணீர் கரையில் இல்லாமல் முதல் ஆள் இறங்கக் கூடாது. தெளிந்த மழைநீரைக் குடிக்க வேண்டி வந்தால் கொதிக்க வைப்பது முதல் வழி. முடியாதபோது, வாசனை சேர்க்காத 5 முதல் 9 சதவீதம் வரையுள்ள குளோரின் வெளுப்புநீரை லிட்டருக்கு 2 துளி விட்டுக் கலக்கி 30 நிமிடம் வைக்கலாம்.

தீவின் கிணற்றை நம்பி நீர்க்குழாய் போடும் முகாம்களுக்கு: சிறு தீவுகளில் மழைநீர் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் அடர்த்தி வேறுபாடு சுமார் 40-க்கு ஒரு பங்கு. இந்த வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடும் கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் மட்டம் 10 செ.மீ. இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் 4 மீட்டர் ஏற முனையும். மோட்டார் போட்டு அரைமணியில் உறிஞ்சினால் கிணறு கரிக்கத் தொடங்கும். விருந்தினர் போய்விடுவார்கள், அந்தக் கிணற்றைக் குடிக்கிறவர்கள் தீவிலேயே இருப்பார்கள்.

இதே நீர்மட்டத்தால்தான் குழிக் கழிப்பிடமும் பெரும்பாலான பவளத் தீவுகளில் சரிவராது. பேரிடர் நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோலின்படி கழிப்பிடக் குழியின் அடி நிலத்தடி நீருக்கு 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து 30 மீட்டராவது விலக வேண்டும், 20 பேருக்கு ஒன்று வேண்டும். இரண்டு மீட்டர் உயரத் தீவில் முதல் நிபந்தனையே நிறைவேறாது. அங்கே தரைக்கு மேலே எழுப்பிய உலர் கழிப்பிடம் வையுங்கள்: மூடியுள்ள பெரிய கலம், ஒவ்வொரு முறைக்கும் ஒரு குவளை மரத்தூள் அல்லது தேங்காய் நார்த்தூள், நிறைந்ததும் மூடி தீவை விட்டு வெளியே. “மணலில் புதைத்துவிடுங்கள்” என்று விருந்தினரிடம் சொல்வது தப்பித்தல். கடற்கரை மணலில் மட்கச் செய்யும் உயிர்கள் குறைவு. மூன்று மாதம் கழித்து அடுத்த குழுவின் குழந்தை அதையே தோண்டி எடுக்கும். குளித்த, பாத்திரம் கழுவிய கழிவுநீர் புதர்ப் பக்கமாக, கிணற்றுக்கு எதிர்ச்சரிவில் போகட்டும்.

விளக்கு. முட்டையிட வரும் ஆமையும், பொரித்து வெளிவரும் குஞ்சும் வெளிச்சத்தில் குழம்பும். குஞ்சு வெளுப்பான அடிவானத்தைக் கடல் என்று எடுத்துக்கொண்டு உங்கள் சாப்பாட்டு மேசையைத் தேடி வரும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள அம்பர் அல்லது சிவப்பு விளக்கை, முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி மூடி போட்டு வையுங்கள். மரத்தில் தொங்கும் அலங்கார விளக்குச் சரங்களைக் கழற்றிவிடுங்கள். கரையில் குழந்தைகள் தோண்டிய குழிகளை இருட்டுவதற்குள் மூட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். திரும்பிப் போகும் தாய் ஆமை அதில் விழுந்தால் தானாக ஏற முடியாமல் போகலாம்.

தீயைப் பற்றி உங்கள் தாளில் இருக்கிறது. ஒரு வரியை மட்டும் சேருங்கள்: மணல் மூடி அணைத்த தணல் அணைந்ததல்ல. மணல் சூட்டைப் பொத்தி வைக்கும். பல மணி நேரம் கழித்தும் அதன் மேல் மிதித்த கால் வெந்துபோகும், மேலே பார்த்தால் ஒரு அடையாளமும் தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை மேலே காட்டிப் பார்த்துத்தான் விட வேண்டும். கரையொதுங்கிய கட்டையில் ஊறிய உப்பு எரியும்போது நச்சுப் புகை தரும், அதில் மீன் சுட வேண்டாம். எரிவாயு அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு வைக்கும்போது உருளையையும் சேர்த்து நான்கு பக்கமும் மூடாதீர்கள்; உருளை சூடேறி வெடிக்கும்.

மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டிய இரண்டு: ஒரு லிட்டர் வினிகர், ஒரு வெந்நீர்க் குடுவை. ‘பெட்டி ஜெல்லி’ (box jellyfish) என்னும் நச்சு ஜெல்லி மீன் தீண்டினால் 30 விநாடியாவது வினிகரை ஊற்ற வேண்டும், மணல் போட்டுத் தேய்க்கவே கூடாது. கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாத வெந்நீரில், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைக்க வேண்டும். இரண்டுமே முதலுதவிதான், ஆளைப் படகேற்றுவதைத் தள்ளிப்போட அவை காரணமாகக் கூடாது.

கடைசியாக, அனுமதி எழுதும் அலுவலர்களிடம் மட்டும். கூடாரத்தை இறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று உங்கள் தாளில் எங்கும் இல்லை. காசு வாங்கிய முகாம்காரர் தயங்குவார். காசு கொடுத்த விருந்தினர் மறுப்பார். ஒரு பெயரையும் ஒரு வரம்பையும் எழுதி வையுங்கள். காற்றின் வலுவை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6, அதாவது மணிக்கு 39 கி.மீ. காற்று தொடங்கினால் நிழல் துணிகள் இறங்க வேண்டும். காற்றுமானி இல்லாதவருக்கு அடையாளம்: பெரிய கிளைகள் ஆடும், குடையைப் பிடித்து நிற்பது கடினமாகும். அளவு 8 வரும் என்று எச்சரிக்கை இருந்தால், அதாவது மணிக்கு 62 கி.மீ., இருட்டும் முன்பே எல்லோரும் கல் கட்டடத்துக்குள் போக வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தாலும் அப்படியே; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரக் கூடாது. கூடாரம் மின்னலுக்கு எந்தக் காப்பும் தராது. நிலம் நீண்ட நேரம் குலுங்கினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திராமல் ஓட வேண்டிய பாதையைத் திட்டு எண்களோடு ஒரே வரைபடத்தில் வரைந்து, ஒவ்வொரு திட்டின் கம்பத்திலும் மாட்டுங்கள். தட்டைத் தீவில் ஓடிச் சேர உயரமான இடமே இல்லையென்றால், எல்லோரையும் தாங்கும் உறுதியான மாடிக் கட்டடம் எது என்று காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லாத தீவுக்கு இரவுத் தங்கல் அனுமதி தராதீர்கள், பகல் அனுமதி போதும்.

அடுத்த பருவத்துக்கான விண்ணப்பங்களோடு திட்டு வரைபடம், டியூப் லெவல் அளவுகள், பிடிகளின் இழுவைச் சோதனைத் தாள் மூன்றையும் இணைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட்டாலே போதும். அளக்கவும் புதைக்கவும் ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், மண்வெட்டியோடு வருகிறோம்.

இப்படிக்கு,
தீவுக் கரைகளில் கூடாரம் அடிப்பவர்கள்